கப்பல்காரர் பெயரில் ஒரு வெயிட்டிங் ஷெட்

செங்கல் தூளும் புளியும் போட்டுத் தேய்த்திருக்கக் கூடாது என்பது, மூன்றாவது மெடலையும் தேய்த்து முடித்த பிறகுதான் மாரீஸ்வரிக்கு உறைத்தது.

மெடல்கள் என்னவோ பளபளவென்று இருந்தன. குத்துவிளக்கு தோற்றுப்போகும். ஆனால் அவற்றின் மேல் இருந்த எழுத்துகளில் பாதி, புளித்தண்ணீரோடு சேர்ந்து கால்வாயில் இறங்கிப் போயிருந்தது.

"அத்தை, இதுல என்னமோ இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சே? காணோமே?" என்றான் மருமகன் ராஜசேகர்.

"எழுத்து போனா என்ன மாப்ள? மெடல் இருக்குல்லா."

"எழுத்து இல்லாட்டி அது வெறும் வட்டத் தகரம் அத்தை. இத வச்சு மெம்பர்ட்ட என்னத்தக் காட்ட?"

மாரீஸ்வரி மெடல்களை முந்தானையில் துடைத்து, டப்பாவில் போட்டு மூடினாள். சித்திரக்கல் எஸ்டேட் பேக்டரியில், தூள் சலிக்கும் பிரிவில், இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். தூசியிலிருந்து தேயிலையைப் பிரித்தெடுத்தவளுக்கு, தேய்ந்துபோன எழுத்திலிருந்து அப்பாவைப் பிரித்தெடுக்கத் தெரியாதா என்ன?

விஷயம் இதுதான். மூணார் பக்கம் பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே, சித்திரக்கல் வளைவில் இருந்த பழைய வெயிட்டிங் ஷெட் போன மழையில் மண்ணோடு சரிந்துபோயிற்று. பஞ்சாயத்து புதிதாக ஒன்று கட்டிவிட்டது. கேரளத்தில் வெயிட்டிங் ஷெட் கட்டுவது சுலபம், பெயர் வைப்பதுதான் பாடு. யாராவது ஒரு பெரிய மனிதரின் ஸ்மாரகமாக, அதாவது நினைவுச் சின்னமாக, அது நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் அங்கே பஸ் நிற்காது என்பது போல ஒரு நம்பிக்கை.

சித்திரக்கல்லுக்குப் பெரிய மனிதர்கள் இரண்டே பேர். எஸ்டேட் லயத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்தை விட்டதும் தேயிலைச் செடி நறுக்கும் கவாத்துக் கத்தியைத் தூக்கிய காலத்தில், 1971-இல் மலையிறங்கி வெளிநாடு பார்த்தவர்கள். மாரீஸ்வரியின் அப்பா நல்லமுத்து கப்பல் வேலைக்குப் போனார். ஏசுரத்தினம் துபாய்க்குப் போனார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து, பத்தொன்பது வருஷம் சம்பாதித்து, ஊரோடு வந்து சேர்ந்தார்கள். இப்போது இருவருமே இல்லை.

ஏசுரத்தினத்தின் மகன் ஜோபி, வளைவுக்குப் பக்கத்திலேயே ஹோம்ஸ்டே நடத்துகிறவன். "எஸ்டேட்டுக்கு மொத ரேடியோ கொண்டுவந்தது எங்கப்பா. பள்ளிக்கூடத்துக்குக் குடிதண்ணி டேங்க் கட்டிக் கொடுத்தது எங்கப்பா. ஷெட்டு அவர் பேர்லதான்" என்றான்.

"எங்கப்பா உலகத்தையே சுத்துனவரு. மெடல் வாங்குனவரு. அவரு பேர்லதான்" என்றாள் மாரீஸ்வரி.

வார்டு மெம்பர் ராக்கப்பனுக்கு இரண்டு வீட்டு ஓட்டும் வேண்டும். "ரேகை, அதான் ஆதாரக் கடுதாசி, கொண்டாங்கக்கா. பஞ்சாயத்துல ரேகை இல்லாம ஒரு தாளும் நகராது. ஜோபி துபாய்க் கடுதாசி ரெண்ட காட்டிட்டான். நீங்களும் ஏதாவது எழுத்துல காட்டுங்க" என்று கையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

எழுத்தில் காட்டத்தான் அவள் மெடல்களைத் தேய்த்தாள்.

மறுநாள் மூணார் பஜாரில் ஒரு நகைக்கடைக்கு டப்பாவோடு போனாள். கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு மெடலை இப்படியும் அப்படியும் சாய்த்தார்.

"ஷிப்புன்னு முடியுதும்மா. முன்னால உள்ளது தேஞ்சுபோச்சு. சாம்பியன்ஷிப்பா இருக்கலாம்."

"கப்பல் ஷிப்பா இருக்கக் கூடாதா?"

"இருக்கலாம். ஆனா நம்ம பக்கத்துல மெடல்னா சாம்பியன்ஷிப்தானே?"

கடையில் கொலுசு வாங்க நின்ற இரண்டு பேர் சித்திரக்கல்காரர்கள். அவள் பஸ்ஸில் திரும்பி வருவதற்குள், நல்லமுத்து வாங்கியது சைக்கிள் போட்டி மெடல் என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஜோபி வழியில் நிறுத்தி, "அக்கா, உலகத்த சைக்கிள்லயா சுத்துனாரு?" என்று மரியாதையாகவே கேட்டான்.

அப்பா கப்பல்காரர்தான் என்று நிரூபித்தே தீருவதாக அன்று சாயங்காலம் மாரீஸ்வரி சபதம் எடுத்தாள். ஆனால் சாட்சி சொல்ல ஆளில்லை. அப்பா வயசுக்காரர்கள் எல்லாம் ரிட்டையராகி, சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர்களுக்கு இறங்கிப் போய் மண்ணாகிவிட்டார்கள். அம்மாவும் இல்லை. வீட்டில் இருந்த ஒரே வாலிபப் படத்தையும் மலைப்பனி தின்றுவிட்டது. முகம் இருந்த இடத்தில் வெள்ளையாகப் பூஞ்சை. அப்பாவோ உயிரோடு இருந்தபோதும் வாய் திறந்தவர் இல்லை.

"கடல் எப்படிப்பா இருக்கும்?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறாள்.

"தண்ணியா இருக்கும்."

"அலை?"

"அதும் தண்ணிதான்."

எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று இன்றுவரை சொல்லிச் சொல்லிப் பூரிப்பாள்.

கப்பலோட்டிகளின் பதிவேடு மும்பையில் ஓர் ஆபீஸில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். நம்பர் கிடைத்தது. ஹிந்தி கிடைக்கவில்லை. ராஜசேகர் மூணாரில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். ஹிந்தி பேசுவான். ஆனால் அவனுக்குத் தெரிந்த ஹிந்தி எல்லாம் டேமிலிருந்து வியூ பாயிண்ட் வரைக்கும்தான்.

ஜீப் ஸ்டாண்டில் வைத்து, ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். எடுத்தவர் சாவந்த் என்ற குமாஸ்தா.

"நமஸ்தே சார். மே மூணார் ஸே" என்று ஆரம்பித்தான் ராஜசேகர். அதற்குமேல் கப்பலுக்கு ஹிந்தி வார்த்தை வரவில்லை. வாய் தானாகப் பழகின தடத்தில் ஓடியது. இடது பக்கம் டேம், வலது பக்கம் டீ பேக்டரி, மேலே வரையாடு, ஒரு மணி நேரம் போட்டோ எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனான்.

"என்ன மாப்ள சொல்லுதாரு?" என்றாள் மாரீஸ்வரி.

"கிறிஸ்துமஸ் லீவுக்கு வரலாமான்னு கேக்காரு அத்தை."

"வரட்டும். மொதல்ல நல்லமுத்துவக் கேளு."

எப்படியோ நல்லமுத்து என்ற பெயரும், இடுக்கி என்ற ஊரும், 1971 என்ற வருஷமும் மும்பைக்குப் போய்ச் சேர்ந்தன. பதிலுக்கு, சாவந்த் குடும்பத்தோடு வந்தால் தங்க இடமும் சாப்பாடும் ஜீப்பும் தங்கள் பொறுப்பு என்ற வாக்கும் போய்ச் சேர்ந்தது.

"எத்தனை பேரு மாப்ள?"

"பதினொண்ணு அத்தை."

அவள் ஒரு நிமிஷம் தன் இரண்டு அறை வீட்டை நினைத்துப் பார்த்தாள். பிறகு அப்பாவை நினைத்தாள். "வரட்டும்" என்றாள்.

பத்து நாள் கழித்து சாவந்த் கூப்பிட்டார். ராஜசேகர் பழக்கதோஷத்தில் மறுபடியும் ஸ்டாண்டில் நின்று ஸ்பீக்கரில் போட்டான்.

"அத்தை, பதிவேட்டுல மூணு நல்லமுத்து இருக்காங்களாம். ஒருத்தரு ராமநாதபுரம், அது நம்ம ஆளு இல்ல. மீதி ரெண்டு பேரும் கேரளா. ஒருத்தரு நல்லபடியா வேலை பாத்து மெடல் வாங்குனவரு."

"அதான் எங்கப்பா!"

"இன்னொருத்தரு ரெண்டாவது வருசமே ஏதோ ஒரு துறைமுகத்துல கப்பல விட்டு எறங்கி ஓடிப் போயிட்டாராம். தேடப்படும் ஆளாம். எது நம்மாளுன்னு பாக்கணும்னா பிறந்த தேதியும் அங்க அடையாளமும் வேணுமாம்."

ஸ்டாண்டில் பதினாறு ஜீப் நின்றது. பதினாறு டிரைவர்களும் கேட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே, நல்லமுத்து கப்பலிலிருந்து ஓடிவந்தவர் என்று ஊர் தீர்மானித்துவிட்டது. சைக்கிளில் ஓடிவந்தார் என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

பிறந்த தேதிக்கு எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியை பழைய ரிஜிஸ்டரை எடுத்து, கரப்பான் முட்டையைத் தட்டிவிட்டு, விரலை ஓட்டினார்.

"நல்லமுத்து, எட்டாம் வகுப்பு பாஸ். பிறந்த தேதி ஜூன் ஒண்ணு, 1949. கப்பல் வேலைக்கு அப்ப எட்டாம் வகுப்பு வேணும், கூடப் படிச்ச ஏசுரத்தினம் அஞ்சாவதோட நின்னுட்டாரு."

ராஜசேகர் அங்கிருந்தே சாவந்துக்குப் போன் போட்டுக் கேட்டான்; தேதி மெடல்காரருடையதோடு பொருந்தியது. மாரீஸ்வரி ரிஜிஸ்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்து அங்க அடையாளம்.

"அப்பாவுக்குக் கழுத்துல மச்சம் இருக்கும். வலது பக்கம். இத்தத் தண்டி" என்று போனுக்கு விரலைக் காட்டினாள்.

ராஜசேகர் கேட்டுச் சொன்னான். "மச்சம் இல்லையாம் அத்தை. இடது முழங்கையில வெட்டுத் தழும்புன்னு எழுதியிருக்காம்."

அவள் யோசித்தாள். மூச்சு விடும் நேரம்தான் யோசித்தாள்.

"இருந்திருக்கும். அப்பா எப்பவும் முழுக்கைச் சட்டைதானே போடுவாரு? நான் எங்க பாத்தேன்?"

"அப்பம் மச்சம்?"

"கப்பல்ல போகும்போது கழுத்துல துண்டு கட்டியிருப்பாரு. குளிராதா?"

ராஜசேகர் மொழிபெயர்த்தான். சாவந்த், பழைய பைல் கிடங்கில் இருக்கிறது, எடுத்துப் பார்த்து, நகல் போட்டு நேரிலேயே கொண்டுவருகிறேன் என்றார்.

அதுவரை ஊர் வாயை மூட வேண்டும். மாரீஸ்வரி நேராகப் பஞ்சாயத்து ஆபீஸுக்குப் போய், ராக்கப்பன் மேஜைமேல் கையை ஊன்றி நின்றாள். ஜோபியையும் வரச் சொல்லியிருந்தாள்.

"எழுதுங்க மெம்பரே. பதிவேட்டுல உள்ளவரு மெடல் வாங்குன ஆளா இருந்தா, பதிவேட்டுல ஒட்டியிருக்கிற அவரோட படத்தையே ஷெட்டுல பெருசா வைக்கணும். ஓடிப்போன ஆளா இருந்தா ஏசுரத்தினத்தோட படத்த வச்சுக்கிடுங்க. நானே வந்து மாலை போடுதேன்."

"அக்கா, அவசரப்படாதீங்க. ரெண்டு பேர் பேரையும் போட்டு..."

"பாதி ஷெட்டு எங்கப்பாவுக்கு வேண்டாம்."

ஜோபி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டான். ஓடிப்போனவர் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மாரீஸ்வரியும் போட்டாள். ராக்கப்பன் சீல் வைத்தார். தீர்மானம் மினிட்ஸில் ஏறிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாவந்த் குடும்பம் வந்து இறங்கியது. பதினொன்று என்றது பதிமூன்றாக இருந்தது. மாரீஸ்வரி தன் வீட்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மகள் வீட்டுக்குப் பாயோடு போனாள். காலையில் பூரி, மத்தியானம் சாம்பார் சாதம், சாயங்காலம் வடை. சாவந்தின் மாமனார் வடையைக் கடித்துவிட்டு வரையாடு எங்கே என்று கேட்டபடியே இருந்தார். இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் பைலைத் திறப்பேன் என்று சாவந்த் சொல்லிவிட்டதால், மாரீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு பூரி தேய்த்தாள்.

மூன்றாம் நாள் டீ குடித்தபின் பைல் திறந்தது.

சாவந்த் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க, ராஜசேகர் டூரிஸ்ட்டுகளுக்குச் சொல்வது போலவே ராகம் போட்டுத் தமிழில் சொன்னான்.

"அத்தை, ஓடிப்போனவரு வேற நல்லமுத்து. அவரு கொல்லத்துக்காரரு. நம்மாளு மெடல்காரரு! பத்தொம்பது வருசம், ஏழு கப்பலு. ஒரு தடவகூட லேட்டா ஏறுனது இல்ல. மொத மெடலு அஞ்சு வருச சேவைக்கு. ரெண்டாவது..."

சாவந்த் நிறுத்தினார். மூக்கைச் சொறிந்துகொண்டு மெதுவாக வாசித்தார். ராஜசேகரின் குரலும் இறங்கியது.

"ரெண்டாவது, எழுபத்தெட்டுல. நடுக்கடல்ல எஞ்சின் ரூம்ல தீ. உள்ள ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாங்க. ஈரச் சாக்க மேல போத்திக்கிட்டு இவரு உள்ள எறங்கியிருக்காரு. ஒருத்தரத் தூக்கிட்டு வந்து போட்டுட்டு, மறுபடியும் எறங்கியிருக்காரு. ரெண்டு பேரும் பொழைச்சிட்டாங்க. மூணாவது மெடலு, கப்பல் கம்பெனி மொதலாளியே கூப்பிட்டுக் கொடுத்ததாம்."

மாரீஸ்வரி உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருந்தாள். வடைச் சட்டியில் எண்ணெய் புகைந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

அப்பா தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தினால்கூட நாலு அடி தள்ளி நிற்பார். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அவ்வளவு பெரிய தீயைப் பார்த்தவர், பாவம், மனசுக்குள் அந்தச் சூடு ஆறவே இல்லை போலிருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னாரா? பெற்ற மகளிடம்கூடச் சொல்லாமல் போனாரே.

சாவந்தின் மனைவி எழுந்துவந்து, மொழி தெரியாமல், அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"படமும் இருக்கு அத்தை. சாவந்த் சார் என் போன்ல அனுப்பிட்டாரு. பாக்கீங்களா? ஜம்முன்னு இருக்காரு" என்று போனை நீட்டினான் ராஜசேகர்.

அவள் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"காட்டாத! எங்கப்பாவ இத்துனூண்டு போன்ல பாக்க மாட்டேன். ஆளுயரத்துக்கு பிளெக்ஸ் அடி. ஊரே நிக்கும்போது, ஊரோட சேந்து நானும் பாக்கேன்."

"ஒரு தடவ பாத்துட்டு..."

"அடின்னா அடி மாப்ள."

ராஜசேகர் படத்தை நேராக அடிமாலி பிளெக்ஸ் கடைக்கு அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. காலையிலேயே மாரீஸ்வரி ஜோபி வீட்டுப் படியேறினாள். ஜெயித்தவள் கொஞ்சம் பெருந்தன்மையும் காட்ட வேண்டாமா? ஜோபியின் அம்மா ரோசி, எழுபத்து நாலு வயது, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, நீங்க கட்டாயம் வரணும். முன்வரிசையில உங்களுக்குத்தான் மொத நாற்காலி."

"எனக்கெதுக்குட்டி இதெல்லாம்? ஒங்க ரெண்டு பேரு சண்டை. பேரு போடாட்டி எங்க வீட்டுக்காரரு வந்து கேக்கப்போறாரா? இருந்தப்பவே துபாயப் பத்தி வாயத் தெறக்க மாட்டாரு. கேட்டா மணலும்பாரு."

"எங்கப்பாவும் அப்படித்தான் சித்தி. பெரிய மனுசங்க அப்படித்தான். எங்கப்பாவுக்காக வாங்க. ஜீப் அனுப்புதேன்."

ஜீப்பை மட்டும் அனுப்பாமல், தானே கூட உட்கார்ந்து, கைத்தாங்கலாக இறக்கி, முன்வரிசையில் நட்டநடுவில் உட்கார வைத்தாள்.

வளைவு முழுக்கக் கூட்டம். பேக்டரிக்காரர்கள், தேயிலை பறிக்கும் கொழுந்துக்காரிகள், பதினாறு ஜீப் டிரைவர்கள், சர்ச்சிலிருந்து நேராக வந்தவர்கள், கோயில் பிரசாதத்தோடு வந்தவர்கள். சாவந்த் குடும்பம் பதிமூன்று பேரும் ஸ்வெட்டர் போட்டு வரிசையாக நின்றார்கள். ஷெட்டின் நெற்றியில் பச்சைத் துணி போட்டு மூடிய பிளெக்ஸ். ஜோபி மட்டும் கடைசித் தூணில் சாய்ந்து, செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தான்.

ராக்கப்பன் தீர்மானத்தை மைக்கில் வாசித்தார். சாவந்த் மைக்கை வாங்கினார். இது ஏழு கேப்டன்கள் கையெழுத்துப் போட்டு, ரேகை பதித்து, சீல் வைத்த படம். பதிவேட்டில் இருக்கிற ஆள் இவர்தான் என்பதில் மயிரிழைகூடச் சந்தேகம் கிடையாது என்றார். ராஜசேகர் அதைத் தமிழில் சொன்னதும் கைத்தட்டல் எழுந்தது. எஞ்சின் ரூம் தீயைச் சொன்னபோது கொழுந்துக்காரிகள் மூக்கைச் சிந்தினார்கள். ஜோபிகூடத் தூணை விட்டு நிமிர்ந்து நின்று கைதட்டிவிட்டான். "அக்கா, ஒத்துக்கிடுதேன். மனுசன் மனுசன்தான்" என்றான். அந்தக் குரலில் கிண்டல் இல்லை.

மாரீஸ்வரி கயிற்றை இழுத்தாள்.

பச்சைத் துணி விழுந்தது. வெள்ளை யூனிபாரம், முறுக்கு மீசை, அகலமான நெற்றி, தூக்கிய தாடை. இருபத்திரண்டு வயது வாலிபன் ஒருவன் மலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். வெடி வெடித்தது. விசில் பறந்தது.

மாரீஸ்வரி அண்ணாந்து பார்த்தாள். அப்பாவுக்கு மூக்கு இவ்வளவு நீளம் கிடையாது. வயசான பிறகு சப்பிப் போயிருக்கும். காது ஒட்டினாற்போல இருக்கும். இது விடைத்துக்கொண்டு நின்றது. கடல்காற்று அடித்தால் எந்தக் காதுதான் ஒட்டிக் கிடக்கும்? கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாலையை இரண்டு கையாலும் உயர்த்தினாள்.

"ஏட்டி மாரி, கொஞ்சம் நில்லு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ரோசி நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்து, பிளெக்ஸையே பார்த்தபடி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இது எனக்குத் தாலி கட்டுன ஏசுரத்தினம்லா, அப்பம் அவரு பேரச் சொல்லிக்கிட்டுப் பத்தொம்பது வருசம் துபாய்ல இருந்தது ஒங்கப்பனாட்டி?"